சென்னை – பலாலி 354 கி.மீ., சென்னை – கொழும்பு 643 கி.மீ.: பயண நேரம் மட்டும் ஏன் கிட்டத்தட்ட ஒரே அளவு?

தாம்பரம் கிழக்கு (கேள்வி)

வணக்கம். என் மாமியாரை யாழ்ப்பாணம் அழைத்துப் போகவேண்டும். வயது 71. பிறந்த ஊர் கோண்டாவில். நல்லூர்த் திருவிழா நேரத்தில் ஒரு தடவையாவது அங்கே போய் நிற்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. முழங்கால் தேய்மானம் இருக்கிறது. கொஞ்ச நேரம் காலை மடக்கியே உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்கச் சிரமப்படுவார். அதனால் எத்தனை நிமிடம் உட்காரவேண்டியிருக்கும் என்று பார்த்துத்தான் டிக்கெட் எடுக்கவேண்டும்.

இணையத்தில் தேடினால் சென்னை விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணம் பலாலிக்கும் இடையிலான தூரம் ஒரு தளத்தில் 354, இன்னொன்றில் 220, மற்றொன்றில் 191 என்று இருக்கிறது. பயண நேரம் ஒரு தளத்தில் 56 நிமிடம். டிக்கெட் போடும் தளத்திலோ ஒன்றேகால் மணி நேரம்.

இதைவிடப் புரியாதது இன்னொன்று. கொழும்பு கட்டுநாயக்க 643 கிலோமீட்டர் என்கிறார்கள், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதற்கு 1 மணி 25 நிமிடம்தான் போட்டிருக்கிறார்கள். அவ்வளவு தூரத்துக்குப் பத்து நிமிடம்தான் கூடுதல் என்றால், பெரிய விமானத்தில் கொழும்பு போய் அங்கிருந்து வேன் பிடிப்பதுதான் நல்லது என்று வீட்டில் ஒரு கட்சி உருவாகிவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அண்ணாநகர் 4வது அவென்யூ

டிக்கெட்டில் இருக்கும் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தை வைத்து நேரம் சொல்லும் தளங்கள் எந்த விமானம் ஓடுகிறது என்றே பார்ப்பதில்லை. இந்தத் தடத்தில் ஓடுவது இரண்டு காற்றாடி வைத்த ஏடிஆர் விமானம்.

மீனம்பாக்கம் பழைய ஆள்

தம்பி, நான் பல வருடங்கள் டிஸ்பாட்சராக இருந்தவன். விமானம் கிளம்புவதற்கு முன்னால் எந்த வழியில் போகவேண்டும், எவ்வளவு உயரத்தில், எத்தனை கிலோ எரிபொருளோடு என்று திட்டம் போட்டு பைலட் கையில் கொடுக்கும் வேலை. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த மூன்று எண்கள். மூன்றும் ஒரே தூரம்தான், அலகு வேறு. 354 கிலோமீட்டர், 220 மைல், 191 நாட்டிகல் மைல். விமானத்திலும் கப்பலிலும் நாங்கள் பயன்படுத்துவது நாட்டிகல் மைல், ஒன்று 1.852 கிலோமீட்டர். அந்த 354 என்பது, பூமியின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே போட முடிந்த மிகக் குறுகிய கோட்டின் நீளம். சென்னையும் பலாலியும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. சென்னையிலிருந்து நேர் தெற்கே மூன்று பாகைக்குச் சற்று மேல் இறங்கினால் பலாலி.

ஆனால் அந்தக் கோட்டின் மேல் எந்த விமானமும் பறப்பதில்லை. மேற்கு நோக்கிப் புறப்படும் நாளில் பரங்கிமலையை விட்டு மேற்கே போய், அப்புறம் தெற்கே திரும்பவேண்டும். கிழக்கு நோக்கிப் புறப்பட்டால் கடல் மேல் போய் வலப்பக்கம் திரும்பவேண்டும். கோடு நேராகப் போனால் கல்பாக்கம் வரும், அணுமின் நிலையத்தைச் சுற்றித் தடை செய்யப்பட்ட வான்பகுதி இருக்கிறது. அதன் பிறகு வகுத்து வைத்திருக்கும் வான்வழி, இந்தியக் கட்டுப்பாட்டிலிருந்து கொழும்புக் கட்டுப்பாட்டுக்குக் கைமாறும் புள்ளி, பலாலியில் காற்று வீசும் திசைக்கு ஏற்ப ஓடுபாதையை நோக்கி ஒரு வளைவு. இதையெல்லாம் சேர்த்து வருகிற தூரத்துக்குத்தான் எரிபொருள் கணக்கு. அதோடு, பலாலியில் இறங்க முடியாமல் போனால் வேறு விமான நிலையத்துக்குப் போவதற்கு, அங்கே போயும் அரை மணி நேரம் வட்டமடிப்பதற்கு என்று தனித்தனியாகச் சேர்ப்போம். வெறும் 354-ஐ வைத்து யாரும் விமானத்தைக் கிளப்புவதில்லை.

இனி நேரம். டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் அல்ல. சென்னையில் சக்கரத்துக்கு முன்னால் வைத்த கட்டையை எடுத்து விமானம் நகர ஆரம்பிப்பதிலிருந்து, பலாலியில் நின்று மறுபடி கட்டை வைக்கிற வரைக்கும் உள்ள நேரம். பிளாக் டைம் என்போம். மீனம்பாக்கத்தில் ஓடுபாதை முனைவரை உருண்டு போவது, அங்கே முன்னால் நிற்கிற விமானங்களுக்குப் பின்னால் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடக்கம்.

நீங்கள் பார்த்த 56 நிமிடம் எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 500 மைல் வேகம், ஏறி இறங்க அரை மணி நேரம் என்று பல தளங்கள் பொதுவாக ஒரு சூத்திரம் வைத்திருக்கின்றன. 354 கிலோமீட்டரை அந்த வேகத்தால் வகுத்தால் 26 நிமிடம். அரை மணியைக் கூட்டினால் 56. ஜெட் விமானத்துக்கு அது பொருந்தும். ஏடிஆர் 72 ரக விமானம், மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டித்தான் போகும். 500 மைல் அல்ல, 500 கிலோமீட்டர்.

அதனால் என் கணக்கு இப்படி. ஏடிஆர் நிமிடத்துக்கு எட்டரை கிலோமீட்டர். கொழும்புத் தடத்து ஏர்பஸ் 320 ரக ஜெட், நிமிடத்துக்குப் பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர். தூரம் எதுவாக இருந்தாலும் உருளுதல், ஏறுதல், இறங்குதல், வரிசை என்று ஏடிஆருக்கு அரை மணியும் ஏர்பஸ்ஸுக்கு முப்பத்தைந்து நிமிடமும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னை – பலாலி: 354-ஐ எட்டரையால் வகுத்தால் 42 நிமிடம், அதோடு 30. ஒரு மணி 12 நிமிடம்.

சென்னை – கொழும்பு: 643-ஐ 13.8-ஆல் வகுத்தால் 47 நிமிடம், அதோடு 35. ஒரு மணி 22 நிமிடம்.

உங்கள் டிக்கெட்டில் இருப்பதற்குப் பக்கத்தில் வந்துவிட்டதா? தூரம் இரட்டிப்பானாலும் நேரம் பத்து நிமிடம் மட்டும் கூடுவதற்குக் காரணம் இவ்வளவுதான். வேகம் அங்கே கூடுதல், இரண்டு முனைகளிலும் செலவாகிற நேரமோ இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு.

கடிகாரத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். இலங்கை 2006 ஏப்ரலில் மறுபடி, கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி கூடுதல் என்ற கணக்குக்குத் திரும்பியதிலிருந்து இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் அப்படியே கழித்துப் பார்க்கலாம். சிங்கப்பூர் டிக்கெட்டில் அப்படிச் செய்ய முடியாது.

முக்கியமானது இதுதான்: மாமியாரைக் கொழும்பு வழியாகக் கூட்டிப் போகாதீர்கள். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். நீங்கள் மிச்சம் பிடிக்க நினைக்கிற சிரமம் எல்லாம் தரைக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கும்.

கொக்குவில் வாசகி

ஐயா சொல்வது முழுக்கச் சரி. கட்டுநாயக்கவிலிருந்து யாழ்ப்பாணம் ரோட்டில் 350 கிலோமீட்டருக்கு மேலே வரும். புத்தளம், அநுராதபுரம், வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு என்று வரவேண்டும். வேனில் ஏழு மணித்தியாலத்துக்குக் குறைய வந்தால் அது நல்ல ஓட்டம். நடுவில் தேத்தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் நிற்காமல் வயதானவரைக் கொண்டு வரவும் ஏலாது. முழங்கால் வருத்தம் உள்ளவருக்கு அது பெரிய தண்டனை.

பலாலியில் இறங்கினால் கோண்டாவில் பலாலி வீதியிலேயே வருகிறது. அரை மணித்தியாலம் போதும். ஊருக்கு வருகிற ஆளுக்கு அந்த அரை மணித்தியாலமே ஒரு சந்தோசம். தோட்டம், பனை, வாசிகசாலை எல்லாம் பார்த்துக்கொண்டே போகலாம்.

சில பேர் கப்பலில் வரச் சொல்லுவினம். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கடல்வழி 110 கிலோமீட்டர் அளவு, நாலு மணித்தியாலம் எடுக்கும். 2023 அக்டோபரில் தொடங்கினது, நடுவில் நின்று 2024 ஆகஸ்டில் திரும்பவும் ஓடத் தொடங்கியது. நிறையச் சாமான் கொண்டு வருகிற ஆக்களுக்கு நல்லது. ஆனால் அம்மாவை முதலில் தாம்பரத்திலிருந்து நாகப்பட்டினம் கொண்டு போகவேணுமே. கடல் கலங்கினால் சேவையை நிறுத்தியும் போடுவார்கள். இவருக்கு அது வேண்டாம்.

உறையூர்

மீனம்பாக்கம் ஐயாவுக்கு ஒரு கேள்வி. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2025 மார்ச் கடைசியில் சேவை தொடங்கினார்கள். வரைபடத்தில் 184 கிலோமீட்டர்தான் வருகிறது. அதற்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போட்டிருந்தார்கள். இது அதிகமில்லையா?

மீனம்பாக்கம் பழைய ஆள்

அதே கணக்கைப் போடுங்கள். 184-ஐ எட்டரையால் வகுத்தால் 22, அதோடு 30. ஐம்பத்திரண்டு நிமிடம். அட்டவணை போடுகிறவர்கள் சில நிமிடம் கூடவே வைப்பார்கள். திரும்பும் பயணத்துக்கு அதே விமானம்தான் போகவேண்டும், ஒரு இடத்தில் தாமதமானால் அன்றைய மிச்சப் பயணங்கள் எல்லாம் தள்ளிப்போகும். 184 கிலோமீட்டர் பறப்பில் பாதிக்கு மேற்பட்ட நேரம் ஏறுவதிலும் இறங்குவதிலும் உருளுவதிலும் போய்விடும்.

தாம்பரம் தம்பி, உங்கள் மாமியாருக்கு வேண்டிய விவரம் இங்கேதான் இருக்கிறது. சென்னை – பலாலியில் விமானம் ஏறி மட்டமாக நிற்கவே கால் மணி ஆகும். கடைசி இருபது நிமிடம் இறக்கம். நடுவில் இருபது, இருபத்தைந்து நிமிடம்தான் சீட் பெல்ட் விளக்கு அணைந்திருக்க வாய்ப்பு. அந்த நேரத்தில்தான் பணிப்பெண்கள் ஒற்றை நடைபாதையில் வண்டி தள்ளிக்கொண்டு வருவார்கள். எழுந்து காலை நீட்டவேண்டுமானால் விளக்கு அணைந்தவுடன், வண்டி கிளம்புவதற்கு முன்னால் எழுந்துவிடச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

தாம்பரம் கிழக்கு

ஐயா, அக்கா, இருவருக்கும் மிக்க நன்றி. கொழும்புக் கட்சி கலைந்துவிட்டது. வாசல் முதல் வாசல் வரை எழுதிக் காட்டியதும் மச்சினனே ஒப்புக்கொண்டான்.

இன்னும் சில சந்தேகங்கள். பலாலிக்கு ஏன் ஏர்பஸ் போவதில்லை? போனால் இன்னும் சீக்கிரம் சேருமா? போகும்போதும் வரும்போதும் காற்றால் நேரம் மாறுமா? லண்டன் போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் என்கிறார்களே. ஏடிஆரில் படி ஏறுவது எப்படி இருக்கும்?

மீனம்பாக்கம் பழைய ஆள்

ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பலாலி இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட களம். போர் முடிந்ததும் சிவில் விமானங்கள் வர ஆரம்பித்தன. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து கிளம்பி, இந்தப் பலாலியைத் தொட்டு மதராஸுக்கு வந்தது. டக்கோட்டா விமானம். நிமிடத்துக்கு நாலரை, ஐந்து கிலோமீட்டர் போகும். கணக்குப் பார்த்தால் பலாலியிலிருந்து மதராஸுக்கு வானில் மட்டும் ஒன்றேகால் மணி நேரம் ஆகியிருக்கும். இன்று பாதுகாப்புச் சோதனை, வரிசை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்தக் காலத்துப் பயணி நம்மைவிடச் சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

அப்புறம் போர் வந்தது, அந்த வானம் மூடிப்போனது. 2019 அக்டோபர் 17 அன்று பலாலியைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது முதலில் வந்து இறங்கியது சென்னையிலிருந்து போன ஏடிஆர்தான். நவம்பரில் சேவை ஒழுங்காக ஓடத் தொடங்கி, சில மாதங்களிலேயே கொரோனாவால் நின்று, 2022 டிசம்பர் 12 அன்று மறுபடி தொடங்கியது. அன்றைய செய்தியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. நான் வேலையில் இருந்த காலம் முழுக்க பலாலி என்கிற பெயர் வரைபடத்தில் இருந்தது, அதற்கு ஒரு பறப்புத் திட்டம் போட என்னால் முடிந்ததில்லை. 354 கிலோமீட்டர் தூரத்து ஊருக்குப் போக மக்கள் கொழும்பு வரை போய் வடக்கே திரும்பி வந்த காலம் அது. நேரம் பத்து நிமிடம் கூடவா குறையவா என்பதைவிட இந்தத் தடம் ஓடிக்கொண்டிருப்பதே எனக்குப் பெரிய விஷயம்.

பெரிய விமானம் போகாததற்குக் காரணம் ஓடுபாதை. ஏடிஆர் குறைந்த நீளத்தில் ஏறி இறங்கக்கூடியது. பயணிகள், பைகள், எரிபொருள் எல்லாவற்றோடும் ஏர்பஸ் இறங்கி மறுபடி கிளம்ப அதைவிட நீளமும் பலமும் உள்ள பாதை வேண்டும். சரி, ஒரு பேச்சுக்கு ஏர்பஸ் போகிறது என்றே வையுங்கள். 354-ஐ 13.8-ஆல் வகுத்தால் 26, அதோடு 35. ஒரு மணி ஒரு நிமிடம். மிச்சம் பதினொரு நிமிடம்தான். இவ்வளவு குறைந்த தூரத்தில் காற்றாடி விமானம்தான் பொருத்தம், எரிபொருளும் குறைவு.

காற்று: லண்டன் பயணம் கிழக்கு – மேற்கு. உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் பலமான காற்று போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும். அதனால் அங்கே நேரம் நன்றாகவே மாறும். இங்கே பயணம் வடக்கு – தெற்கு. நல்லூர்த் திருவிழா வரும் ஆகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்றில் பெரும்பங்கு பக்கவாட்டில் வந்து மோதும். விமானம் மூக்கைக் கொஞ்சம் காற்றுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு போகும், வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. போக வர நேரம் மாறினால் அது பெரும்பாலும் சென்னையால்தான். ஆகஸ்டில் மாலை நேர இடிமழை சென்னைக்கு வழக்கம். நீங்கள் திரும்பி வரும்போது மழை மேகம் மீனம்பாக்கத்தின் மேல் நின்றால் கடல் பக்கம் வட்டமடிக்க வைப்பார்கள். திரும்புகிற நாளில் ராத்திரி ரயில், உறவுக்காரர் வீட்டு விசேஷம் என்று எதையும் ஒட்டி வைக்காதீர்கள்.

அடுத்தது படி. ஏடிஆரில் பயணிகள் ஏறும் கதவு விமானத்தின் பின்பக்கம். முன்பக்கக் கதவு சாமான்களுக்கு. எனவே வழக்கமாகக் கேட்பதுபோல் முன் வரிசை கேட்காதீர்கள், பின் வரிசையில் நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள். ஏறியவுடன் உட்காரலாம், இறங்கும்போதும் நாலு அடி நடந்தால் கதவு. விமானம் தரையை ஒட்டி நிற்பதால் படிகள் குறைவு, சில இடங்களில் படிக்குப் பதில் சாய்தளமே வைப்பார்கள். ஆனால் பலாலியில் விமானத்திலிருந்து கட்டிடம் வரை தரையில்தான் போகவேண்டும். சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள், கவுன்டரில் போய்க் கேட்கலாம் என்று விடாதீர்கள். சென்னையில் வெளிநாட்டுப் புறப்பாட்டில் நடக்கவேண்டிய தூரம்தான் மொத்தப் பயணத்திலும் அதிகம். அங்கே நாற்காலி இல்லாமல் அவரை நடக்கவிடாதீர்கள்.

ஏடிஆருக்கு எடைக் கட்டுப்பாடு உண்மையானது. சின்ன விமானம், ஒவ்வொரு கிலோவும் கணக்கு. பை அனுமதி எவ்வளவு என்று உங்கள் டிக்கெட்டில் படித்துவிட்டு அதற்குள் கட்டுங்கள்.

கொக்குவில் வாசகி

அம்மாவுக்கு ஜன்னல் பக்கம் கொடுத்தால் நல்லது என்று நினைத்தேன், ஐயா ஓர இருக்கை என்றுவிட்டார். ஏடிஆருக்கு இறக்கை மேலே இருப்பதால் கீழே எல்லாம் மறைப்பில்லாமல் தெரியும். மேகமில்லாத நாளில், வரும்போது வலப்பக்கம் கோடிக்கரைப் பக்கத்துக் கரை தெரியும். பிறகு கொஞ்ச நேரம் கடல் மட்டும். அதற்குப் பிறகு வடமராட்சி, வலிகாமம் பக்கத்துப் பனங்கூடல்கள்.

மீனம்பாக்கம் பழைய ஆள்

தங்கச்சி சொல்வதும் நியாயம். ஏடிஆரில் ஒரு பக்கத்துக்கு இரண்டு இருக்கைதான். தம்பி வலப்பக்கம் இரண்டையும் எடுத்து, ஏறும்போது மாமியாரை ஓரத்தில் வைத்து, இறக்கம் தொடங்குவதற்கு முன் விளக்கு அணைந்திருக்கும்போதே ஜன்னல் பக்கம் மாற்றிவிடலாம். ஒரு மணி நேரப் பயணம், நடுவில் ஒரு தடவை எழுந்தது மாதிரியும் ஆச்சு.

தாம்பரம் கிழக்கு

அப்படியே செய்கிறோம். பின் வரிசை, வலப்பக்கம் இரண்டு. பலாலியிலிருந்து கோண்டாவிலுக்கு வண்டி முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டுமா?

கொக்குவில் வாசகி

சொந்தக்காரர் ஆரும் இருந்தால் அவர்களிடமே சொல்லி வையுங்கோ. விமானம் இறங்கிற நேரத்துக்கு வராமல் முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்தால் போதும், குடிவரவு, சுங்கம் முடிந்து பையை எடுத்து வெளியே வர அவ்வளவு நேரம் எடுக்கும். முன் இருக்கையை நல்லாப் பின்னுக்குத் தள்ளக்கூடிய வண்டியாகப் பிடிக்கச் சொல்லுங்கோ, அம்மா முன்னுக்கு இருந்து காலை நீட்டிக்கொண்டு வரட்டும்.